முன்சீட்டு பெல்ட்

எங்கப்பா ஒன்று சொல்வார், அண்ணாச்சி. பழைய சாமான் வாங்குவதைப் பற்றி. "பழசு வாங்குதவன் என்ன வேணும்னாலும் கேக்கலாம், எத்தனை தடவை வேணும்னாலும் திருப்பித் திருப்பிப் பாக்கலாம், ஆனா..." அந்த ஆனாவுக்குப் பிறகு ஏதோ உண்டு. அதுதான் எனக்கு வரமாட்டேன் என்றது. அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பா நாள் பூரா பேசுவாவ, எதைன்னு ஞாபகம் வச்சிக்கிட" என்று சொல்லிவிட்டாள். கடைசியில் என் தங்கச்சி மாப்பிள்ளை வாயால்தான் மீதியைக் கேட்க வேண்டியிருந்தது. எங்கப்பா சொன்னதை. அது கிடக்கட்டும், பிறகு சொல்கிறேன்.

நீங்கள் குரும்பூரா? நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன், ஆழ்வார்திருநகரி தாண்டி. தங்கச்சி வீடு. இறங்குவது என்றைக்கோ, பாருங்கள், கேட்டைப் போட்டுவிட்டான். டிரைவர் என்ஜினையும் அணைத்துவிட்டார். அணைத்தார் என்றால் ரயில் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம். எனக்கு இந்தப் பக்கம் ஜன்னல் கம்பி, அந்தப் பக்கம் நீங்கள், உங்கள் மடியில் மூட்டை, நடுவழியில் இத்தனை பேர். நினைத்தாலும் இறங்க முடியாது.

இந்தப் பையிலா? தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம். கார் வாங்கப் போகிறேன். சிரிக்காதீர்கள், கார் வாங்கப் போகிறவன் பஸ்ஸில்தானே போக வேண்டும். போவது பஸ், வருவது கார். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் கிளம்பும்போது அம்மா திருநீறு பூசி அனுப்பினாள். எனக்குத்தான் வரும்போதும் இதே பஸ்ஸா என்று இன்னும் தெரியவில்லை.

நான் வெளியில் இருந்தவன். இங்கிலாந்தில். போன ஆடியில்தான் வந்தேன். மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள், மகள் படிப்பு முடியட்டும் என்று. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்; நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதும் உண்டு. வேலை என்னவென்றால், சோதிப்பது. ரொட்டி, பிஸ்கட், பாலாடைக்கட்டி செய்கிற ஆலைகளுக்குப் போய் எல்லாம் சுத்தமாக இருக்கிறதா, எழுதினபடி நடக்கிறதா என்று பார்ப்பது. முன்கூட்டிச் சொல்லாமல்தான் போவோம். சொல்லிவிட்டுப் போனால் அது சோதனையா, விருந்து. போன இடத்தில் ஒரு வாய் டீ குடிக்கக் கூடாது. குடித்தால் மறுநாள் கை எழுதாது என்பார் என் மேலதிகாரி. அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது.

அங்கே ஒரு பழைய கார் வாங்க வேண்டும் என்றால் என்ன செய்வோம் தெரியுமா? கார் நம்பரைத் தட்டினால் போதும். வருஷா வருஷம் அந்த வண்டியைச் சோதித்தவன் என்ன பார்த்தான், எதில் தவறியது, எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம் வந்து விழும். பாஸ் ஆன வண்டிக்கும் ஒரு வரி எழுதியிருப்பான், இந்த டயர் தேய ஆரம்பித்திருக்கிறது, பார்த்துக்கொள் என்று. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால்தானே மனஸ்தாபம்.

இங்கே வாருங்கள். எங்கப்பாவும் அம்மாவும் கடைசிக் காலத்தில் தங்கச்சி வீட்டில்தான் இருந்தார்கள். தங்கச்சி பேர் செண்பகம். மாப்பிள்ளை ஆவுடையப்பன், வாழைக்காய் வியாபாரம். மகன் இருக்கும்போது மகள் வீட்டில் எப்படி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்திருக்கும். ஆனால் நான் வெளியூரில் இருக்கிறேன், அது ஒரு ஏற்பாடு, எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. அப்பா போன பிறகு, நான் வந்ததும், அம்மாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிவந்துவிட்டேன். அம்மாவுக்கு இடுப்பும் முழங்காலும் சரியில்லை. வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் ஏற முடியாது. ஆட்டோவில் போனால் அன்று ராத்திரி முழுக்க முனகுவாள். ஆகவே கார் வேண்டும். அதில் சந்தேகமில்லை.

பொங்கலுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை சொன்னார்: "மச்சான், நம்ம வண்டியைக் குடுத்துரலாம்னு இருக்கேன். காய் ஏத்த ஒரு லோடு வண்டி எடுக்கணும். இதை வெளிய குடுக்க மனசில்ல. நீங்க எடுத்துக்கிடுதியளா?"

வெளியே கொடுக்க மனசில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், வெளியே கொடுத்தால் விலை போகாது என்று ஒருத்தர் வேறு எப்படிச் சொல்வார்?

வண்டி வெள்ளை, டீசல், பதினைந்து வருஷம் தாண்டினது. "போன வருஷம்தான் எஃப்.சி. முடிச்சேன், அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். நான் கேட்டேன், "மாப்ள, எஃப்.சி.யில என்னென்ன பாத்தாங்க?"

"என்னென்னன்னா? பாஸ் ஆயிருச்சு மச்சான்."

"அதுக்கு முன்னாடி? இந்த வண்டிக்கு என்னென்ன ஆகியிருக்கு, எப்பெப்ப என்னென்ன மாத்தினது, அதெல்லாம் ஏதாவது இருக்கா?"

அவர் போய் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு, "வண்டி ஓடுதுலா மச்சான்" என்றார்.

ஓடுகிறது. அதை மறுக்கவில்லை. அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து ஆற்றுப்பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஏறி இறங்க உயரம் அம்மாவுக்குச் சரியாக இருந்தது. அதனால்தான் அவளுக்கு அந்த வண்டி பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். பெல்ட்டைப் போட்டுக்கொள் என்றேன். அம்மாவுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. இழுத்துக் கையில் பிடித்தவள், போடவும் இல்லை, விடவும் இல்லை. பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவரைக்கும் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். நான்தான் நிறுத்தி மாட்டிவிட்டேன். வயதானால் குழந்தை மாதிரிதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், செண்பகம் சொந்தக்காரர்கள் குழுவில் வண்டியைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறாள். "நம்ம வண்டியை அண்ணன் எடுத்துக்கிடுதாவ" என்று. நான் கேள்விதான் கேட்டிருந்தேன், அண்ணாச்சி. கேள்வி கேட்டவனுக்கு மதுரைச் சித்தி பூமாலை படம் போட்டு வாழ்த்துகிறாள். கோவில்பட்டியில் இருந்து பெரியப்பா மகன், "எப்ப ட்ரீட்" என்கிறான். மாப்பிள்ளை வீட்டில் வளர்பிறை வெள்ளிக்கிழமை பார்த்து நேரமும் குறித்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் இன்றைக்கு.

சரி, வேறு வண்டி பார்க்கலாம் என்று அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "வந்தா அதுல வாரேன். இல்லாட்டா நான் எங்கயும் வரல" என்றாள். ஆஸ்பத்திரிக்கு, என்றேன். "ஆஸ்பத்திரிக்கும்தான்" என்றாள். அவ்வளவுதான், கதவைச் சாத்தியாயிற்று. அந்தப் பக்கம் தங்கச்சி, இந்தப் பக்கம் அம்மா, பின்னால் வாழ்த்துச் சொன்ன கூட்டம், முன்னால் வெள்ளிக்கிழமை. இந்த பஸ்ஸில் நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஆனால் நான் சோதிக்காமல் எதையும் வாங்கினவன் இல்லை. ஏறப்போவது என் அம்மா. வேகமாகப் போகையில் பிரேக் பிடிக்காமல் போனால் பூமாலை போட்ட சித்தியா வருவாள்?

தூத்துக்குடியில் பழைய வண்டிகளைப் பார்த்துச் சொல்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார், ராயப்பன் என்று பேர். ஃபோனில் பதிவு செய்தால் வீட்டுக்கே வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாமல் போவதுதான் முறை என்றேனே.

அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளையின் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் சாப்பிட வந்திருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் போய் இறங்குகிறோம், ராயப்பன் கையில் டார்ச், பெயிண்ட் கனத்தை அளக்கிற கருவி, கழுத்தில் அடையாள அட்டை. அந்த அக்கா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கேட்கிறாள்: "ஏ செண்பகம், ஒங்கண்ணன் போலீசைக் கூட்டியாந்திருக்காவளா?"

அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "வேற என்னத்துக்கு, கார் களவு போயிருக்கும்லா" என்கிறார்.

மாப்பிள்ளை வெளியே வந்தார், ராயப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மச்சான் சீமையில இருந்தவிய. அங்க அப்படித்தான் பாப்பாவ. பாக்கட்டும்" என்று உள்ளே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, தானே பானட்டைத் தூக்கிவிட்டார். ராயப்பனுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். வெயில் அடித்தது என்று வண்டியைத் தள்ளி வேப்பமரத்து நிழலில் நிறுத்தினார். எல்லாம் செய்தார். நான் அதையும் குறித்துக்கொண்டேன். எங்கள் தொழிலில், ரொம்ப ஒத்துழைக்கிறவனைத்தான் இரண்டு தரம் பார்ப்போம்.

செண்பகம் காபி கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, ராயப்பனுக்கு ஒன்று. ராயப்பன் குடித்தார். நான் குடிக்கவில்லை. பழக்கம். அவள் தம்ளரை இன்னொரு தரம் என் பக்கம் நீட்டினாள். பிறகு வண்டிக் கூரை மேலே வைத்தாள், பிறகு அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராயப்பன் மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். சீட்டு அடியில் டார்ச் அடித்தார். சீட்டு நகர்கிற தண்டவாளத்தில் துரு. டிக்கியில் ஸ்டெப்னி டயருக்குக் கீழே விரலை விட்டுத் தடவி எடுத்தார், விரல் நுனியில் மாவு மாதிரி மண். பிறகு பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசி வரை இழுத்தார். பின்சீட்டில் லேசான கறை. டிரைவர் பக்கம் புதுசாக மாற்றியிருந்தது. இடது பக்கம், அம்மா கையில் பிடித்துக்கொண்டு வந்தாளே, அதை இழுத்ததும் நிறுத்திவிட்டார். கறுப்பு நாடா. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம் நாடா முழுவதும் வண்டல் நிறம். தாமிரபரணி பெருகி வரும்போது ஒரு நிறம் வருமே, அது.

"தண்ணி ஏறின வண்டி சார்" என்றார் மெதுவாக. "சீட்டுக்கு மேல வந்திருக்கு. நின்ன வண்டியில ஏறியிருந்தா நாடா தூணை ஒட்டிக் கிடக்கும், அடிப்பக்கம்தான் நனையும், இப்படிப் பாதி வரைக்கும் நனையாது. இது ஆள் போட்டு உக்காந்திருக்கையில நனைஞ்சது."

யோசித்துப் பாருங்கள். நிறுத்திவைத்த வண்டியில் தண்ணீர் ஏறினால் அது விதி. ஆளை உட்காரவைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறக்கினால் அதற்கு என்ன பேர்? இந்த மனுஷர் கையில்தானே எங்கப்பா அம்மாவை விட்டிருந்தேன்.

"இப்ப ஓட்டலாமா?" என்று கேட்டேன்.

"எஞ்சினை நல்லா வேலை பாத்திருக்காங்க. ஒயரிங்கும் மாத்தியிருக்கு. ஓடும். ஆனா தண்ணி குடிச்ச வண்டி சார், எப்ப என்ன செய்யும்னு நான் எழுதித் தரமாட்டேன்."

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இன்ஷூரன்சில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எஃப்.சி.யிலும் இல்லை. காகிதத்தைப் பார்த்தால் அது மழையில்கூட நனையாத வண்டி.

சோதனை முடிந்தால் எல்லாரையும் உட்காரவைத்து அறிக்கையை வாசிப்பது எங்கள் முறை. முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது என்பதற்காக. ராயப்பன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார், கை காய்ந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. முன் இடது சீட்டு பெல்ட்டு, கறை, அளவு, என்று நான் படித்து முடித்தபோது மாப்பிள்ளை சொன்னார்:

"ஆமா மச்சான். தண்ணி ஏறுச்சு. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

"எனக்கு எப்படி மாப்ள தெரியும்?"

"மாமா சொல்லியிருப்பாவன்னு."

அவ்வளவுதான் சொன்னார். செண்பகம்தான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு பேசினாள். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை, அன்றைக்கும் போடவில்லை.

"அண்ணே, அந்த மார்கழி வெள்ளத்துல அப்பாவை ஆஸ்பத்திரிக்கு எதுல கொண்டுபோனோம்னு நெனச்சே?"

நான் கேட்டது காரைப் பற்றி. அவள் அப்பாவைப் பற்றிப் பேசுகிறாள்.

"விடியக்காலம் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாவ. ஃபோன் இல்ல, கரண்ட் இல்ல, ஆம்புலன்ஸ் வரமாட்டான். வாழையெல்லாம் முங்கிட்டு. இவிய அதைப் பாக்கப் போகல. அப்பாவைத் தூக்கி முன்னாடி உக்காரவச்சு, சாஞ்சிரக் கூடாதுன்னு பெல்ட்டைப் போட்டோம். வாய்க்கால் பாலத்துல வண்டி நின்னுபோச்சு. தண்ணி கதவு வழியா வருது. அப்பா மடி வரைக்கும் வந்துட்டு. இவிய எறங்கி இடுப்புத் தண்ணியில தள்ளுனாவ. எனக்கு ஓட்டத் தெரியுமா? நான்தான் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். மேட்டுல ஒரு டிராக்டர்காரன் பாத்துட்டு வந்து கட்டி இழுத்தான். அதுக்கப்புறம் ஒரு வருசத்துக்கு மேல இருந்தாவளே அப்பா. நீகூட வந்து பாத்தியே."

மாப்பிள்ளை, "விடு செண்பகம்" என்றார்.

அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்கள். நான் கேட்டது ஒரு கேள்வி. தண்ணீர் ஏறியதா இல்லையா? ஏறியது. அது ஏன் ஏறியது என்பது அறிக்கையில் வராது. நல்ல காரணத்துக்காக நனைந்தாலும் ஒயர் ஒயர்தான், துரு துருதான். இங்கே ஒரு கேள்விக்கு ஒரு பதில் கிடையாது. ஒன்றைக் கேட்டால் வேறொன்றை எடுத்து மடியில் போடுவார்கள், நம்மால் வாய் திறக்க முடியாது.

என்ன? ஃபோனில் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டேனே. வெள்ளம் என்று அங்கே செய்தியில் பார்த்ததும் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. நாலைந்து நாள் கழித்துக் கிடைத்தது. செண்பகம்தான் எடுத்தாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியாம ஆஸ்பத்திரியில சேத்தோம், இப்ப நல்லா இருக்காவ" என்றாள். "எல்லாம் சரியா?" என்று கேட்டேன். "எல்லாம் சரி" என்றாள். சரி என்று சொன்னால் நான் சரி என்றுதானே எடுத்துக்கொள்வேன். அங்கே அப்போது வருஷக் கடைசி, மூன்று ஆலைகளின் அறிக்கை பாக்கி.

அடுத்த கோடையில் லீவு எடுத்து வந்தேன். அப்பாவோடு முழுசாக ஒரு மாசம். என் வாழ்க்கையில் அவரோடு அப்படி இருந்ததே கிடையாது. சின்ன வயதில் அவர் பேசமாட்டார், பெரியவனானதும் நான் இங்கே இல்லை. அந்த ஒரு மாசம் உட்கார்ந்து உட்கார்ந்து பேசினோம். பழைய ரேடியோ, பழைய சைக்கிள், பழைய மோட்டார், ஜென்மத்தில் புதுசு ஒன்று வாங்காத மனுஷர். பழைய சாமான் விஷயத்தை அப்போதுதான் சொன்னார். எனக்கு அது போதும். அந்த ஒரு மாசம் இல்லாமல் அவர் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் சில சமயம் நினைப்பேன். அதற்கும் இந்தக் காருக்கும் சம்பந்தமில்லை, பேச்சுவாக்கில் சொல்கிறேன்.

அந்தத் தடவை விமான நிலையத்தில் இருந்து மாப்பிள்ளை இதே வண்டியில்தான் கூட்டிவந்தார். உள்ளே ஒரே ஊதுபத்தி வாசனை. பக்தி என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது, ஈர வாடையை அமுக்க வைத்தது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஏறினதும் முதல் வேலையாகப் பெல்ட்டைப் போட்டார். "போடாட்டா ஒன் மாப்பிள்ளை வண்டியை எடுக்கமாட்டான்" என்று சிரித்தார். இருவரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாப்பிடச் சொன்னார்கள், இருக்கவில்லை. ராயப்பன் தன் வண்டியில் போய்விட்டார். மாப்பிள்ளை என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். வழியில் வாழைத்தோப்பு, அறுத்த தார்கள் ரோட்டோரம் அடுக்கி வைத்திருந்தது. அதைத் தாண்டினதும் அவரே, "நீங்க கேட்டது தப்பில்ல மச்சான்" என்றார். "மாமா சொல்வாவளே. பழசு வாங்குதவன் என்ன வேணும்னாலும் கேக்கலாம், எத்தனை தடவை வேணும்னாலும் பாக்கலாம், ஆனா மறுநாள் வித்தவன் வீட்டுல போயி ஒரு காப்பி குடிக்க முடியணும்னு."

அதேதான். சொன்னதும் எனக்கு அப்பா குரலே கேட்டது. ஆனால் கோபமும் வந்தது. எங்கப்பா பேச்சை எனக்கு எடுத்துச் சொல்ல இவர் யார்? என்னிடம் ஒரு தரம் சொன்னதை இவரிடம் எத்தனை தரம் சொன்னாரோ. அதுவும் போக, அந்தப் பேச்சு இங்கே பொருந்தவும் இல்லை, பாருங்கள். விற்கிறவர் தங்கச்சி வீட்டுக்காரர். அங்கே காபி எப்படியும் குடித்துத்தானே ஆக வேண்டும், தப்பிக்க வழி ஏது?

"வேண்டாம்னு தோணுச்சுன்னா வேண்டாம் மச்சான். அத்தைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். பஸ் வந்துவிட்டது.

அவர் அப்படிச் சொன்னதுதான் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. சண்டை போட்டிருந்தால் எனக்கு சுலபம். எழுந்து வந்திருப்பேன். போட்டால்தானே. அவர் பாட்டுக்கு என்னை விட்டுவிட்டார். விட்டவனிடம் இருந்து எப்படித் தப்பித்துப் போவது?

அம்மாவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். ராயப்பன் எழுதினதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தையெல்லாம் பார்த்தாள். பெல்ட்டுப் படம் வந்ததும் ஃபோனை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கத் தெரியாது அவளுக்கு. நான் பெரிதாக்கிக் காட்டினேன். "இந்தா, இந்தக் கோடு வரைக்கும் தண்ணி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நான் பின்னாடிதான இருந்தேன்."

அவளும் இருந்திருக்கிறாள். அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. "பயமா இல்லையாம்மா, அதுல போயா ஏறணும்கிற?" என்று கேட்டேன். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு நல்ல நேரம் என்று கேட்டாள். இப்படி ஒரு வீட்டில் ஒருத்தன் எதைச் சோதித்து என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள்.

இன்று காலை பையைக் கட்டித் தந்துவிட்டு, "பழத்தைச் சக்கரத்துக்கு அடியில வச்சு ஏத்து, செண்பகம் குடுக்கதைக் குடிச்சிட்டு வா" என்றாள். அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் அந்தக் காபி விஷயத்தை? செண்பகம் தினமும் ஃபோனில் பேசுகிறாள், அவளாகத்தான் இருக்கும். காபி குடிக்காததெல்லாம் ஒரு குற்றமா, அண்ணாச்சி?

சத்தம் கேட்கிறதா? ரயில் வந்துவிட்டது. சின்ன ரயில்தான், இதற்கா இவ்வளவு நேரம். பாருங்கள், டிரைவர் ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நீங்களும் அந்தக் கட்சிதான் போல. இருக்கட்டும். இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதே பெரிசு. மூட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள், அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்க வேண்டும். அதோ, வாய்க்கால் பாலம். தாண்டினால் தங்கச்சி வீட்டு வேப்பமரம் தெரியும்.

வண்டியை வாங்கிக்கொள்கிறேன், அண்ணாச்சி. அந்த முன்சீட்டு பெல்ட்டை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டித் தரச் சொல்லிவிடுவேன்.